ஸ்லவ்ல இருந்து ரெடிங் போக 13 மாசம்: ஒரு வீட்டு செயின் பத்தின நிகழ்வு ஆய்வு

எங்க ஃபிளாட்டுக்கு வெளியில ‘ஃபார் சேல்’ போர்டு வச்சது 2024 மே மாசம். புது வீட்டு சாவி கைக்கு வந்தது 2025 ஜூன் 6. நடுவுல செயின், அதாவது ஒருத்தர் வீட்ட வித்தாதான் அடுத்தவர் வாங்க முடியும்னு கோர்த்து நிக்கற வரிசை, ஒரு தடவ முழுசா உடைஞ்சு போச்சு, ஒரு தடவ உடையுற நிலைமைக்குப் போய் திரும்பி வந்துச்சு. எல்லா ஈமெயிலையும் எடுத்து வச்சு எந்த நாள் எங்க போச்சுன்னு உக்காந்து பாத்தேன், அதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இங்கிலாந்துல வீடு மாத்தணும்னு நினைக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஏஜென்ட் சொல்ற “மூணு மாசத்துல முடிஞ்சிரும் சார்”ங்கறத நம்பி ஸ்கூல் அட்மிஷன் வரைக்கும் பிளான் பண்ணிடறாங்க.

முதல்ல இடம் பொருள் சொல்லிடறேன். ஸ்லவ்ல 2 பெட்ரூம் ஃபிளாட், மூணு மாடி கட்டடம், 2016-ல வாங்கினது. லீஸ்ஹோல்டு, அதாவது ஃபிளாட் நம்மளது ஆனா நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருக்கு சொந்தம், நமக்கு இருக்கறது 99 வருஷ லீஸ், அதுவும் 2004-ல ஆரம்பிச்சது. பொண்ணு பெருசாயிட்டா, ரெண்டாவது குழந்தையும் வந்தாச்சு, அதனால ரெடிங்ல தோட்டத்தோட ஒரு வீடு பாக்கலாம்னு முடிவு பண்ணோம்.

இங்கிலாந்துல ஒரு விஷயம் புரிஞ்சாதான் மத்தது புரியும். நீங்க ஒரு வீட்டுக்கு விலை சொல்லி, ஓனர் சரின்னு சொல்லி, ஏஜென்ட் கைகுலுக்கி, போர்டுல ‘சோல்டு’ன்னு ஸ்டிக்கர் ஒட்டினாலும் சட்டப்படி ஒண்ணுமே நடக்கல. அந்த ஸ்டிக்கர்ல சின்ன எழுத்துல ‘சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட்’னு இருக்கும், அதாவது ஒப்பந்தம் ஆனாதான் செல்லும். 1989-ல வந்த சட்டத்தோட 2-வது பிரிவுப்படி நிலம் வீடு சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், ரெண்டு பக்கமும் கையெழுத்து இருக்கணும். அந்தக் கையெழுத்துப் போட்ட பிரதிகள ரெண்டு பக்க சொலிசிட்டரும் (வக்கீல்) மாத்திக்கறதுதான் ‘எக்ஸ்சேஞ்ச்’. அன்னிக்குத்தான் வழக்கமா 10 சதவீதம் டெபாசிட் போகும். அது வரைக்கும் வாங்கறவரும் விலகலாம், விக்கறவரும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல, நஷ்ட ஈடும் கிடையாது.

மதுரைல இருக்கற எங்க அம்மாவுக்கு இத கடைசி வரைக்கும் புரிய வைக்க முடியல. “ஏம்ப்பா, அட்வான்ஸ் குடுத்தாச்சுல்ல, அப்புறம் எப்படி வேற ஆளுக்குக் குடுப்பாங்க?” “அட்வான்ஸே குடுக்கலம்மா.” “அப்போ ஆறு மாசமா என்னதான் செஞ்சீங்க?” அவங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி. ஊர்ல நாம மூலப் பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் வக்கீல்கிட்ட காமிச்சு சரின்னு ஆன பிறகு அட்வான்ஸ் குடுத்து அக்ரிமென்ட் போடுவோம். இங்க வரிசை தலைகீழ். முதல்ல விலை பேசி முடிச்சுட்டு, அதுக்கப்புறம்தான் பேப்பர தேடவே ஆரம்பிக்கறாங்க. நாங்க பட்ட பாடு முழுக்க இந்த ஒரு இடத்துல இருந்து வந்ததுதான்.

முதல் சுற்று

ஜூன் 2024-ல 2,40,000 பவுண்டுக்கு ஒரு தம்பதி ஆஃபர் குடுத்தாங்க, முதல் வீடு வாங்கறவங்க, நாங்களும் சரின்னோம். அடுத்த வாரமே ரெடிங்ல ஒரு வீட்டுக்கு நாங்க ஆஃபர் போட்டு அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. மார்ட்கேஜ் ஆஃபர் ஜூலைல வந்துருச்சு. வீட்டோட நிலைமைய விரிவா பாக்கற லெவல் 3 சர்வே எடுத்தோம், பழைய வீட்டுக்கு அதுதான் நல்லது, 900 பவுண்டு ஆச்சு. எல்லாம் ஓடிட்டிருக்குன்னு நினைச்சோம்.

ஓடல. லீஸ்ஹோல்டு வீடு விக்கறப்போ மேனேஜ்மென்ட் பேக்னு ஒண்ணு வேணும், கட்டடத்த பாத்துக்கற கம்பெனி நிரப்பித் தர்ற எல்பிஇ1 ஃபார்ம், மூணு வருஷ சர்வீஸ் சார்ஜ் கணக்கு, இன்ஷூரன்ஸ், ஃபயர் ரிஸ்க் ரிப்போர்ட், பெரிய வேலை ஏதாவது வரப்போகுதான்னு விவரம் எல்லாம் அதுல இருக்கும். அத கேக்கணும்னு எங்க சொலிசிட்டர் எங்ககிட்ட சொன்னதே ஆஃபர் வந்த பிறகுதான், நாங்க 400 பவுண்டுக்கு மேல பணம் கட்டினது ஜூலை கடைசி, பேக் வந்தது செப்டம்பர் நடுவுல. ஏழு வாரம். நான் வாரம் ரெண்டு தடவ ஃபோன் பண்ணுவேன், ஒவ்வொரு தடவையும் வேற ஆள் எடுப்பாங்க, “கியூல இருக்கு”ன்னு மட்டும் சொல்வாங்க. அந்தக் கம்பெனிய விட்டுட்டு வேற இடத்துல வாங்கவும் முடியாது, அந்தப் பேப்பர தர்ற அதிகாரம் அவங்களுக்கு மட்டும்தான்.

பேக் வந்ததும் ரெண்டு குண்டு விழுந்துச்சு. ஒண்ணு, கூரை வேலை. 1985 சட்டத்தோட 20-வது பிரிவுப்படி ஒரு வீட்டுக்காரர் பங்கு 250 பவுண்டுக்கு மேல போற வேலைன்னா முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்து கருத்து கேக்கணும், அந்த முதல் நோட்டீஸ் ஏற்கெனவே போயிருக்கு, எங்க கைக்கு வரவே இல்ல. ரெண்டாவது, லீஸ். 2004-ல ஆரம்பிச்ச 99 வருஷம், கணக்கு போட்டா மீதி 79-க்கும் கீழ. லீஸ் 80 வருஷத்துக்குக் கீழ போயிட்டா அத நீட்டிக்கறதுக்கு ஃப்ரீஹோல்டருக்குக் குடுக்கற தொகைல ‘மேரேஜ் வேல்யூ’ன்னு ஒண்ணு சேரும், நீட்டிச்சா ஃபிளாட்டோட மதிப்பு எவ்வளவு ஏறுதோ அதுல பாதி அவருக்குப் போகும். நாங்க 80-ஐ தாண்டி கீழ இறங்கினது 2023-ல. அதுக்கு முன்னாடியே நீட்டிச்சிருந்தா பல ஆயிரம் பவுண்டு மிச்சம். 2016-ல வாங்கினப்போ 87 வருஷம் இருக்குன்னு பேப்பர்ல இருந்துச்சு, “இத ஆறு வருஷத்துக்குள்ள நீட்டிச்சிருங்க”ன்னு ஒருத்தரும் ஒரு வரி எழுதித் தரல.

இந்த மேரேஜ் வேல்யூவ எடுக்கற சட்டம் 2024 மே 24-ல ராயல் அசென்ட் வாங்கிருச்சு, ஆனா அந்தப் பகுதிகள் எங்க விற்பனை முடியற வரைக்கும் அமலுக்கு வரல. பாஸான சட்டம் பேப்பர்ல இருந்தும் எங்களுக்கு ஒரு பைசா உதவல.

வாங்க வந்த தம்பதியோட சொலிசிட்டர், லீஸ நீட்டிக்காம இத வாங்காதீங்கன்னு சொல்லிட்டார். அவர் சொன்னது தப்பே இல்ல, நான் அவர் இடத்துல இருந்தாலும் அததான் சொல்லிருப்பேன். செப்டம்பர் கடைசில விலகிட்டாங்க. நாங்க ரெடிங் வீட்டுக்காரங்ககிட்ட ஆறு வாரம் டைம் குடுங்க, வேற ஆள் பாத்துடறோம்னு கெஞ்சினோம், அவங்க ரெண்டு வாரம் குடுத்தாங்க, அதுக்குள்ள இன்னொருத்தர் 10,000 கூட சொல்லிட்டார், வீடு போயிருச்சு. இதுக்குப் பேர் கஸம்பிங். ஏஜென்ட் மேலயும் கோவப்பட முடியல, ஏன்னா எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் வர்ற ஒவ்வொரு ஆஃபரையும் ஓனருக்குச் சொல்ல வேண்டியது அவர் கடமை, ஓனரே எழுத்துல வேண்டாம்னு சொன்னா ஒழிய.

சர்வே 900, லோக்கல் சர்ச் வாட்டர் சர்ச் (வீட்டப் பத்தி உள்ளாட்சி கவுன்சில்லயும் தண்ணி கம்பெனிலயும் விசாரிக்கறது) எல்லாம் சேத்து 350, சொலிசிட்டர் அது வரைக்கும் செஞ்ச வேலைக்கு 700. வேற யாரோ குடியேறப் போற வீட்டுக்காக நாங்க கட்டின பணம் அது. மார்ட்கேஜ் ஆஃபரும் அந்த வீட்டோட சேந்து போச்சு, ஆஃபர் ஆளுக்கு மட்டும் இல்ல, அந்தக் குறிப்பிட்ட வீட்டுக்கும் சேத்துதான் குடுப்பாங்க. பொண்ணு அந்த வீட்டு பின்பக்க ஆப்பிள் மரத்துக்கு ஒரு ஊஞ்சல் வரைஞ்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தா. அத எடுக்கறப்போதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ரெண்டாவது சுற்று

இந்தத் தடவ வரிசைய மாத்தினோம். போர்டு வைக்கறதுக்கு முன்னாடியே லீஸ் விஷயத்துக்கு ஒரு வேல்யூயர (மதிப்பு போடறவர) வச்சு, நவம்பர்ல ஃப்ரீஹோல்டருக்கு செக்‌ஷன் 42 நோட்டீஸ் அனுப்பிட்டோம். 1993 சட்டப்படி இது நம்ம உரிமை, 90 வருஷம் கூடுதலா கிடைக்கும், கிரவுண்ட் ரென்ட், அதாவது ஃப்ரீஹோல்டருக்குக் கட்டற நில வாடகை, பூஜ்யம் ஆயிரும். இதுல ஒரு நல்ல விஷயம், நோட்டீஸ விக்கறவர் அனுப்பிட்டு, அந்த உரிமைய வீட்டோட சேத்து வாங்கறவருக்கு மாத்திக் குடுத்துடலாம். வீட்ட வாங்கி ரெண்டு வருஷம் ஆனாதான் நோட்டீஸ் அனுப்பலாம்னு விதி இருந்துச்சு, இப்படி மாத்திக் குடுத்தா வாங்கறவர் அதுக்காக காத்திருக்க வேண்டாம். அந்த ரெண்டு வருஷ விதியையே 2025 ஜனவரி 31-ல எடுத்துட்டாங்க, ஆனா நாங்க நோட்டீஸ் அனுப்பறப்போ அது இருந்துச்சு. பழைய மேனேஜ்மென்ட் பேக்கையும் அப்டேட் பண்ணி கையில வச்சிக்கிட்டோம். விலைய மறைக்காம 2,26,000-னு வச்சோம், லீஸ் செலவு உங்க தலைல, அதனாலதான் இந்த விலைன்னு விளம்பரத்துலயே எழுதச் சொன்னோம். மூணு வாரத்துல ஒரு நர்ஸ் வாங்க வந்தாங்க, தனியா வாழறவங்க, முதல் வீடு. அவங்க சொலிசிட்டர் கேட்ட கேள்விகள் முதல் சுற்றுல கேட்டதுல பாதிகூட இல்ல.

டிசம்பர்ல ரெடிங்ல வேற வீடு கிடைச்சுது, 1930-கள்ல கட்டின செமி (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோட ஒட்டினது), 4,25,000. இப்போ செயின் இப்படி: நர்ஸ் எங்க ஃபிளாட்ட வாங்கணும், நாங்க ரெடிங் வீட்ட வாங்கணும், அந்த வீட்டு வயசான தம்பதி டோர்செட்ல ஒரு பங்களா வாங்கணும், அந்த பங்களாவோட ஓனர் அம்மா தவறிட்டாங்க, பிள்ளைங்க விக்கறாங்க. நாலு வீட்டு ஆளுங்க, ஆளுக்கொரு சொலிசிட்டர். எல்லாரும் ஒரே நாள்ல எக்ஸ்சேஞ்ச் பண்ணணும், ஒரே நாள்ல மாறணும். யாராவது ஒருத்தர் நின்னா மொத்தமும் நிக்கும்.

இந்த வீட்டுல பின்பக்கம் கிச்சன் எக்ஸ்டென்ஷன், 2009-ல கட்டினது. பிளானிங் பர்மிஷன் தேவைப்படல, ஆனா பில்டிங் ரெகுலேஷன் கம்ப்ளீஷன் சர்ட்டிஃபிகேட் (கட்டுமான விதிப்படி முடிச்சதுக்கான சான்று) இருக்கணும், அது இல்ல. நான் உடனே கவுன்சிலுக்கு ஃபோன் போட்டு ரெக்கார்ட்ஸ்ல இருக்கான்னு கேட்டுடலாம்னு நம்பர் தேடி வச்சுட்டு சொலிசிட்டருக்கு ஒரு ஈமெயில் தட்டினேன். அஞ்சு நிமிஷத்துல அவங்க ஃபோன், அது வரைக்கும் அவங்க என்கிட்ட ஃபோன்ல பேசினதே ரெண்டு தடவதான். “கவுன்சில்கிட்ட தயவுசெஞ்சு பேசிடாதீங்க. பேசிட்டீங்கன்னா இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் கிடைக்காது.” விஷயம் என்னன்னா, சர்ட்டிஃபிகேட் இல்லாத வேலைக்கு ஒரு சின்ன பாலிசி எடுத்து எல்லாரும் கடந்து போயிடறாங்க, கவுன்சில் நடவடிக்கை எடுத்தா அந்த நஷ்டத்துக்கு அது பணம் தரும். ஆனா கவுன்சிலுக்கு விஷயம் தெரிஞ்சுட்டா பாலிசி கம்பெனி ஒத்துக்காது. அப்போ உண்மைய தெரிஞ்சுக்கற வழி அடைச்சிருந்தாதான் வியாபாரம் நடக்கும்னு ஆயிருது, இது எனக்கு இன்னும் உறுத்துது.

இதவிட முக்கியம், அந்த பாலிசி நாளைக்கு அந்தக் கூரை தொங்கினா ஒரு பென்னி தராது, பேப்பர் பிரச்சினைக்கு மட்டும்தான். அதனால சொலிசிட்டர் வேண்டாம்னு சொன்னாலும் நான் தனியா ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டுப் போனேன், 480 பவுண்டு. எக்ஸ்டென்ஷன் கட்டினப்போ சுவத்த உடைச்சு திறந்திருந்த இடத்துல, அவர் மேல இருக்கற இரும்பு பீம் ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம் செங்கல் மேல உக்காந்திருக்குன்னு சீலிங்ல ஒரு சின்ன ஓட்டை போட்டு டார்ச் அடிச்சு பாத்தார், என்னையும் ஏணில ஏறி பாக்கச் சொன்னார், அடில கான்க்ரீட் கட்டை வச்சு ஒழுங்கா உக்கார வச்சிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரிதான் நிம்மதியா தூங்கினேன். இந்த 480 எனக்கு மொத்த செலவுலயே நல்ல செலவு.

அடுத்தது ஸ்டாம்ப் டியூட்டி. 2025 மார்ச் 31-க்குள்ள முடிச்சா 2,50,000 வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல 5 சதவீதம், எங்களுக்கு 8,750. ஏப்ரல் 1-ல இருந்து 1,25,000-க்கு மேலயே 2 சதவீதம் ஆரம்பிக்கும், 11,250. ஜனவரில இருந்து எல்லாரும் மார்ச் மார்ச்னு ஒரே ஓட்டம், சொலிசிட்டர் ஆஃபீஸ்ல ஈமெயிலுக்கு பதிலே வராது, கவுன்சில் சர்ச் அஞ்சு வாரம். நாங்க கீழ மூணு வீடும் மார்ச் முதல் வாரத்துல ரெடி. டோர்செட்ல ப்ரோபேட் கிராண்ட், அதாவது தவறினவங்க சொத்த கையாள சட்டப்படி தர்ற அனுமதி, வரல. தவறினவங்க சொத்த விக்கறதுக்கு பிள்ளைங்களுக்கு அந்த கிராண்ட் கைல வேணும், அது வராம விற்பனைய முடிக்க முடியாது. யாரையும் குறை சொல்ல முடியல, அம்மாவ இழந்த பிள்ளைங்கள நான் என்ன கேக்க முடியும்? கிராண்ட் வந்தது ஏப்ரல் நடுவுல. எங்களுக்கு 2,500 போச்சு, பெரியவங்களுக்கும் அதே 2,500.

அப்புறம் மே 15, வியாழக்கிழமை. அன்னிக்கு எக்ஸ்சேஞ்ச்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட நாள், கையெழுத்துப் போட்ட பேப்பர் எல்லாம் சொலிசிட்டர்கிட்ட. மூணே முக்கால் மணிக்கு ஏஜென்ட் ஃபோன்: எங்க ஃபிளாட்ட வாங்கற நர்ஸ் 6,000 குறைச்சாதான் எக்ஸ்சேஞ்ச் பண்ணுவாங்களாம். காரணம் கூரை வேலை, அதப் பத்தி டிசம்பர்லயே பேக்ல படிச்சிருக்காங்க, அதுக்காக எங்க பணத்துல ஒரு பங்க சொலிசிட்டர்கிட்ட நிறுத்தி வைக்கறதுன்னும் பேசி முடிச்சாச்சு. இதுக்குப் பேர் கஸண்டரிங். மனைவி அப்போ கிச்சன்ல அட்டைப் பெட்டிக்குள்ள தட்டு அடுக்கிட்டிருந்தா, விஷயத்த சொன்னதும் ஒண்ணும் பேசாம அடுக்கின தட்ட ஒவ்வொண்ணா வெளில எடுத்து திரும்ப ஷெல்ஃப்ல வச்சா. “இவங்களுக்கு விக்க வேண்டாம்”னா. எனக்கும் அதுதான் தோணுச்சு. ஆனா மேல ரெண்டு வீடு தொங்குது, லீஸ் நோட்டீஸுக்கு ஃப்ரீஹோல்டர் பதில் ஜனவரில வந்ததால ஆறு மாசத்துக்குள்ள முடிவாகணும் இல்லன்னா டிரிப்யூனல் போகணும், அதுவும் ஜூலைல முடியுது, எங்க மார்ட்கேஜ் ஆஃபரும் ஜூலைல காலாவதி. மூணு நாள் பேசி 3,000-ல முடிச்சோம். பின்னாடிதான் தெரிஞ்சுது, நர்ஸோட வாடகை வீட்டு ஓனர் அவங்கள காலி பண்ணச் சொல்லிட்டார், ரெண்டு மாசம் வேற இடத்துல வாடகை கட்டி கையிருப்பு கரைஞ்சு போச்சு. தாமதத்தோட வலி அவங்க தலைலயும் விழுந்துச்சு, அவங்க அத எங்க பக்கம் தள்ளினாங்க. கோவம் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா புரியுது. எக்ஸ்சேஞ்ச் மே 22-ல நடந்துச்சு.

சாவி வாங்கின நாள்

ஜூன் 6, வெள்ளிக்கிழமை. அம்மா பத்தரைக்கு முன்னாடி இல்ல பன்னண்டுக்கு அப்புறம் போங்க, நடுவுல ராகு காலம்னு சொல்லிருந்தாங்க. நேரம் நம்ம கைல இல்ல. பணம் பேங்க் பேங்க்கா செயின் வழியா மேல ஏறணும், ஒரு சொலிசிட்டர் அக்கவுண்டுக்கு வந்து அவர் அடுத்தவருக்கு அனுப்பி, டோர்செட் வரைக்கும் போய் சேந்த பிறகுதான் சாவி. காலைல எட்டு மணிக்கே வேன்ல சாமான் ஏத்தியாச்சு, பதினொண்ணுக்கு ஸ்லவ் ஃபிளாட் சாவிய குடுத்தாச்சு, அப்போ எங்களுக்குன்னு ஒரு கதவு இல்ல. ரெடிங்ல ஏஜென்ட் ஆஃபீஸ் வாசல்ல கார்ல உக்காந்திருந்தோம், மனைவி மடில குத்துவிளக்கு துணில சுத்தி, பின்சீட்ல குக்கரும் ரெண்டு குழந்தைங்களும். வேன் டிரைவருக்கு ரெண்டு மணிக்கு மேல மணிக்கு 60 பவுண்டு. மூணு நாப்பதுக்கு சாவி வந்துச்சு. கேஸ் அடுப்ப கழட்டி எடுத்துட்டுப் போயிருந்தாங்க, ஃபிட்டிங்ஸ் ஃபார்ம்ல அது அவங்களோடதுன்னுதான் எழுதிருந்தாங்க, நாங்க கவனிச்சு ஒரு இண்டக்‌ஷன் பிளேட் கைல வச்சிருந்தோம். அதுல வச்சே பால் பொங்குச்சு, அம்மா வீடியோ கால்ல பாத்தாங்க.

எங்க போச்சு நாள்

வீடு பாக்கறது, விலை பேசறது ரெண்டும் சேத்து பத்து வாரம்கூட இல்ல. சொலிசிட்டர்கள் உக்காந்து செஞ்ச வேலையும் மொத்தமா சில நாள்தான் இருக்கும். மீதி எல்லாம் யாரோ ஒருத்தர் வச்சிருக்கற பேப்பருக்காக காத்திருந்தது: பேக் ஏழு வாரம், சர்ச் அஞ்சு வாரம், ப்ரோபேட் நாலு மாசம். இந்தப் பேப்பர் ஒவ்வொண்ணும் போர்டு வைக்கறதுக்கு முன்னாடியே தயாரா இருக்கக்கூடியது. நாங்க ரெண்டாவது சுற்றுல லீஸ் பேப்பர முன்னாடியே வச்சதுக்கே ஃபிளாட் பக்கம் எவ்வளவு சுலபமாச்சுன்னு பாத்தோம்.

இத இங்கிலாந்து செஞ்சு பாக்காம இல்ல. 2007 ஆகஸ்ட்ல ஹோம் இன்ஃபர்மேஷன் பேக்னு கொண்டுவந்தாங்க, லீஸும் சர்ச்சும் விக்கறவரே வாங்கி வைக்கணும். 2010 மே மாசம் ஆட்சி மாறினதும் நிறுத்திட்டாங்க, எனர்ஜி சர்ட்டிஃபிகேட் மட்டும் தங்கிருச்சு. ஸ்காட்லாந்துல 2008 டிசம்பர்ல இருந்து ஹோம் ரிப்போர்ட் இருக்கு, சர்வேய விக்கறவரே எடுத்து வாங்க வர்ற எல்லாருக்கும் காட்டணும். எங்களுக்கு போன 900 அங்க போயிருக்காது. 2025 அக்டோபர்ல இங்கயும் அரசாங்கம் மறுபடி கருத்து கேக்க ஆரம்பிச்சாங்க, தகவல முன்னாடியே தர்றது, இப்போ இருக்கறதவிட முன்னாடியே ஒப்பந்தத்துல ரெண்டு பேரையும் கட்டறது ரெண்டுமே அதுல இருக்கு. நான் எங்க தேதி எல்லாம் போட்டு ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

எங்க பழைய ஃபிளாட்டுக்குக் கீழ் வீட்டு அண்ணன் இந்த வருஷம் விக்கறார். அவர் லீஸும் எங்களோடது மாதிரியே 2004. போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் லீஸ் பேப்பர எடுத்து வச்சு வருஷத்த எண்ணினோம், வேல்யூயர் நம்பர் குடுத்தேன், மேனேஜ்மென்ட் பேக்குக்கு அன்னிக்கே பணம் கட்டிட்டார். ஏஜென்ட்ட இன்னும் கூப்பிடல.